நூறு வாட் பல்பு

பனியில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டியை நான் முதன்முதலில் பார்த்தது குவைத் பாலைவனத்தில். முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ரப்பர் பட்டை. எங்கள் கஃபீலின், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த அரபியின், மகன் அதை எங்கோ ஒரு குளிர்நாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்து மணல்மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். காசு இருக்கிறவனுக்குப் பனி எதற்கு?

ஈராக் போர் முடிந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். நான் மூன்றாம் வகுப்பு. ஃபர்வானியாவில் குடியிருந்தோம். வாப்பா ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். அப்படி நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். லைசென்ஸ் கஃபீல் பெயரில் இருந்தது, எங்கள் மூவரின் விசாவும் அவர் தயவில் இருந்தது.

அந்த வண்டிக்கு ஹெட்லைட் பல்பு போய்விட்டது. கஃபீலின் மகன் பழைய பல்பைக் கடையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை பாலைவனக் கூடாரத்துக்கு வந்து புதியதை மாட்டித் தரச் சொன்னான். குடும்பத்தோடு வா என்று வேறு சொல்லிவிட்டான். வாப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அடியில் மூன்று கால், அறுபது வாட். அதே பல்பு கடையில் பெட்டி பெட்டியாக இருந்தது. ஆனால் பாலைவனத்துக்குப் போகிற எவனும் அதைத் தொட மாட்டான். அதே மூன்று காலில் நூறு வாட்தான் கேட்பான்.

"பழசுல என்ன இருந்திச்சோ அதையே போட்டா என்னங்க?" என்றார் உம்மா.

"கஃபீல் மவனுக்குக் கொறஞ்சதப் போடச் சொல்றியா? நல்லாருக்கு!" என்று நூறு வாட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் வாப்பா.

வெள்ளிக்கிழமை கூடாரத்தில் அந்திநேர மக்ரிபு தொழுதுவிட்டு, வாப்பா பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டினார். இஞ்சினை முடுக்கியதும் எதிர்மேடு முழுக்க வெளுத்துப்போனது. கூடாரத்துப் பையன்கள் கைதட்டினார்கள். வாப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்படியொரு பெருமிதம் அவர் முகத்தில்.

கஃபீலின் மகன் வண்டியை நிறுத்தி வைத்தபடியே உறுமவிட்டுக்கொண்டிருந்தான். முதலில் நாற்றம் வந்தது. பிறகு விளக்கின் பிளாஸ்டிக் முகப்பு நூறு வாட் சூடு தாங்காமல் பப்படம் போல உப்பி, தொங்கி, புகைந்தது. அவன் குதித்து ஓடினான். யாரோ மணலை அள்ளி வீசினார்கள். வெளிச்சம் இருந்த இடத்தில் கருகிய ஓட்டைதான் மிச்சம்.

நான் பயந்து உம்மாவோடு ஒட்டிக்கொண்டேன். வாப்பா துணியைப் பிடித்த கையை இறக்கவே இல்லை. பதினைந்து வருடமாகப் பேசிய அரபியெல்லாம் எங்கே போனதோ, அந்த அரபிப் பையனிடம், "தெரியாம செஞ்சிட்டேன் தம்பி, தெரியாம செஞ்சிட்டேன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். காருக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்திருந்த உம்மா தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"அவன் ஒரு வார்த்த சொன்னாப் போதும். நாளைக்கே நம்மள ஊருக்கு ஏத்திருவாங்க."

அதைக் கேட்டதும் என் பயம் பறந்துவிட்டது. ஊரென்றால் எனக்கு விமானம். ஜன்னலோர இருக்கை, மூடிபோட்ட சாப்பாட்டுத் தட்டு. போதாக்குறைக்கு, அரையாண்டுப் பரீட்சை வேறு எழுத வேண்டாம்.

கஃபீலின் மகன் ஓட்டையை எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "கலாஸ், மாஃபி முஷ்கில்" என்று வாப்பாவின் முதுகில் தட்டினான். போனால் போகிறது, ஒன்றும் பிரச்சினையில்லை என்று அர்த்தம். இதுவும் அலுத்துவிட்டது, வேறொன்று வாங்கலாம் என்று கூட்டாளிகளிடம் சொல்லி, சறுக்குக் கட்டையை ஒரு உதை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். எங்கள் மொத்தக் கடையையும் விற்றாலும் வாங்க முடியாத வண்டி அது. எங்களுக்கு ஒரு தாம்பாளம் கறிச்சோறு வந்தது. மூவரில் நான் மட்டும்தான் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் வாப்பா காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் திட்டக்கூட இல்லையே, இதற்கு ஏன் அழ வேண்டும்? அதைவிட எனக்கு என் கவலைதான் பெரிதாக இருந்தது.

"அப்ப நம்மள ஊருக்கு அனுப்ப மாட்டாங்களா?" என்று கேட்டேன். எனக்கும் குரல் உடைந்துதான் போயிருந்தது.

முன்னிருக்கையிலிருந்து திரும்பி உம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அன்றுவரை என்மேல் கைவைக்காத உம்மா. வாப்பா அழும்போது குறுக்கே பேசியதற்குத்தான் அடித்தார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.