கொல்லத்துக் கடலில் ஓர் எண்ணெய்க் குளியல்

என் மாமனாருக்கு உலகத்தில் இரண்டே வகை ஊர்கள்தான் உண்டு: அருவி இருக்கிற ஊர், அருவி இல்லாத ஊர். குற்றாலம் முதல் வகை. கூப்பிடு தூரத்தில் இருக்கிற புண்ணியத்தால் தென்காசியும் அதில் சேர்த்தி. மிச்சமுள்ள ஊர்கள் எல்லாம், மெட்ராஸ், டெல்லி உட்பட, மனிதன் எண்ணெய் தேய்த்து ஒழுங்காகக் குளிக்க வழியில்லாத பாவப்பட்ட இடங்கள்.

நான் பிறந்து வளர்ந்த கொல்லமும் அந்தப் பாவப்பட்ட கூட்டத்தில்தான் இருந்தது. என் அப்பா அங்கே பாத்திரக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும். காலையில் கண் விழிப்பதே அலைச் சத்தத்தில்தான். ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிதில் எனக்கு ராத்திரித் தூக்கமே வரவில்லை. ஊர் அவ்வளவு அமைதி. "புது எடம்லா, பயப்படுதா" என்று என் மாமியார் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். கடல் சத்தம் கேட்காததால் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பார்களே என்று பயந்தேன். பிறகு ஒரு நாள் தாங்காமல் சொன்னேன். சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு பேங்கில் வேலை. கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்தில், கொல்லம் கிளைக்கு மாற்றல் தருகிறோம், பதவியும் உயரும், போகிறாயா என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவர் அப்பா போட்ட கோட்டைத் தாண்டாத பிள்ளை. அப்பா சரி என்றால்தான் போவாராம். "ஏன், நீங்க என்ன கைக்குழந்தையா?" என்று கேட்டேன். மனுஷர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மாமா சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தோம். ரசத்தைப் பிசைந்துகொண்டே அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்கன அருவி இருக்கால?"

"அருவி இல்லப்பா. கடல் இருக்கு."

மாமா யோசித்தார். "கடலும் தண்ணிதானலே. அருவி நிக்குது, கடல் படுத்துக் கெடக்கு. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அது ஆறுவதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"நான் ஒரு நாள் வந்து எண்ணெய் தேச்சு அதுல ஒரு குளியல் போட்டுப் பாக்கேன். உடம்புக்கு ஒத்துக்கிட்டா நீங்க ரெண்டு பேரும் போங்க. இல்லன்னா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது."

இங்கே அந்த எண்ணெய்க் குளியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மாமாவுக்கு பஜாரில் பலசரக்குக் கடை. சனிக்கிழமை காலையில் கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, ஒரு சீசா நல்லெண்ணெயோடு குற்றாலம் போவார். உச்சி முதல் உள்ளங்கால் வரை பளபளவென்று தேய்த்துக்கொண்டு பேரருவிக்குக் கீழே போய் நிற்பார். விழுகிற தண்ணீர் முதுகில் அடிக்கிற அடியில் எண்ணெய் தானாகப் போய்விடும். சீயக்காய் தேய்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். சித்திரையில் அருவி இளைத்துப் போகும்போது வீட்டுக் கிணற்றில்தான் குளிப்பார். ஆனால் அதைக் குளியல் என்று ஒத்துக்கொள்ள மாட்டார், "சும்மா நனைஞ்சுட்டு வந்தேன்" என்பார்.

கடலே பார்க்காதவர் இல்லை. திருச்செந்தூர் போய் முங்கி எழுந்து வந்தவர்தான். ஆனால் அது சாமிக்காக முங்குவது, குளியல் கணக்கில் வராது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அவர் கடலில் இறங்கியதே இல்லை. உப்புத் தண்ணீரில் எண்ணெய் போகாது என்று கடற்கரையில் வளர்ந்த எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சொன்னால் கடல் தோற்றுவிடும், கொல்லம் போய்விடும். சொல்லாவிட்டால் மாமா எண்ணெயோடு இறங்கிவிடுவார். இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் எங்கள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு, பிறகு காயலில் படகுச் சவாரி, அப்புறம் எங்கள் ஊரில் விளக்குமரம் என்று சொல்கிற கலங்கரை விளக்கம், கடைசியில் சாயங்காலம் கடற்கரை. இருட்டுகிற நேரத்தில் யாராவது எண்ணெய் தேய்ப்பார்களா? கால் நனைத்துவிட்டு ரயிலேறிவிடலாம்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை ரயிலில் நாலு பேரும் கிளம்பினோம். அத்தை மடியில் புளியோதரைத் தூக்குவாளி, மாமா மடியில் எண்ணெய்ச் சீசா. செங்கோட்டை தாண்டி மலைக்குள் நுழைந்ததும் நான் தரகர் மாதிரி ஆரம்பித்துவிட்டேன். குகை வந்தால் "பாருங்க மாமா, எப்படிக் குளுகுளுன்னு இருக்கு" என்றேன். பதிமூன்று கண் பாலம் வந்தால் "பாருங்க மாமா, எம்புட்டு உயரம்" என்றேன். பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. மாமா எல்லாவற்றையும் பார்த்தார். "தண்ணி எங்கனயும் விழலயே" என்றார்.

ரயில் மலையில் மூச்சு வாங்கி வாங்கி ஏறி, கொல்லம் போய்ச் சேர மதியம் நெருங்கிவிட்டது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மாமா குதிரை வண்டிக்காரனிடம், "நேரா கடலுக்கு விடுப்பா" என்றார்.

"மாமா, அம்மா சாப்பாடு வச்சுக் காத்துக்கிட்டு இருப்பா..."

"எண்ணெய்க் குளியல் வெறும் வயித்துலதாம்மா. சாப்பிட்டுட்டுக் குளிச்சா உடம்பு என்னத்துக்காகும்?"

என் திட்டம் ஸ்டேஷன் வாசலிலேயே மண்ணைக் கவ்வியது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வண்டிக்குதிரையைப் பார்த்தார்.

கடற்கரையில் இறங்கியதும் தூரத்தில் தெரிந்த விளக்குமரத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரமாவது ஓடட்டுமே என்றுதான். "நம்ம ஊர்க் கோபுரத்துக்கு ஈடாகுமா?" என்றார் மாமா. அப்போது எங்கள் தென்காசிக் கோபுரம் இடி விழுந்து, பிளந்து, மொட்டையாக நின்ற காலம். ஆனாலும் ஈடாகாது என்றே நானும் சொன்னேன். மாமா வேட்டியை அவிழ்த்து அத்தையிடம் கொடுத்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார். அவசரமே இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், மீன் கூடைக்காரிகள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

இனிமேலும் பொறுக்க முடியவில்லை. "மாமா, கடல்ல எண்ணெய் போகாது. உப்புத் தண்ணி" என்று சொல்லியே விட்டேன்.

"அருவியில போகுதுல்லா? இது அதைவிடப் பெரிசு" என்று எழுந்து, அருவிக்குப் போகிற மாதிரியே கடலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, கைகளைக் கட்டி, கண்ணை மூடி நின்றார். முதுகில் அடி விழும் என்று காத்திருந்தார். விழுந்தது. ஆனால் அருவி மாதிரி முதுகில் விழவில்லை, முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. மாமா மடங்கி விழுந்தார். அலை அவரைக் கரைக்கு உருட்டிக்கொண்டு வந்து மணலில் போட்டுவிட்டு, சாவகாசமாகத் திரும்பிப் போனது.

எழுந்து நின்றவரைப் பார்த்தால் உச்சி முதல் கால் வரை ஒரு இடம் பாக்கியில்லாமல் மணல். கழுவுவதற்காக மறுபடியும் இறங்கினார். அடுத்த அலை இன்னொரு சுற்று மணலைப் பூசி அனுப்பியது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் துண்டால் துடைத்தார். மணல் முதுகிலிருந்து வயிற்றுக்கு வந்ததே தவிர உடம்பை விட்டு இறங்கவில்லை. அப்போது ஒரு கூடைக்காரி உரக்க, "எண்ணயும் ஆயி, உப்பும் ஆயி. இனி சட்டியில் இட்டால் மதி!" என்றாள்.

"என்னட்டி சொல்லுதா?" என்று அத்தை என் காதில் கேட்டார்.

"எண்ணெயும் ஆச்சு, உப்பும் ஆச்சு, இனிமே சட்டியில போட்டாப் போதும்னு சொல்லுதா அத்தை."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்தினார். அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் மாமாவைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை. எனக்கும் சிரிப்பு பீறிட்டது. மாமா எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையில் அது பாதியில் நின்றுவிட்டது. மாற்றல் கடலோடு போயிற்று என்று அந்த நிமிஷமே தெரிந்தது.

"எங்க வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் மாமா. கிணத்துல நல்ல தண்ணி கெடக்கு..."

"சம்பந்தி முன்னாடி இந்தக் கோலத்துல நிக்கவா? வண்டியை ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுலே!"

அம்மா வீட்டுத் தெருமுனையைத் தாண்டித்தான் வண்டி போனது. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன். என் வீட்டுக்காரர் மட்டும் அங்கே இறங்கி, தன் அப்பாவுக்குத் திடீரென்று தலைசுற்றல் என்று எங்கள் வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அடைப்பிரதமன் பாயசத் தூக்கோடு ஸ்டேஷனுக்கு ஓடிவந்து சேர்ந்தார். தூக்கைத் தொட்டால் சுட்டது. அம்மா அப்போதுதான் இறக்கியிருக்கிறாள். அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து மணல் கொட்டிக்கொண்டே இருந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்தார், மாமாவின் கழுத்தையும் கையையும் பார்த்தார், "ஏதாவது தொத்து வியாதியா?" என்று என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். புளியோதரையைக் காலையிலேயே நாங்கள் மூன்று பேரும் தீர்த்திருந்தோம், மாமா அதைத் தொடவே இல்லை. புனலூர் தாண்டியபோது அவருக்குப் பசி பொறுக்கவில்லை. பிரதமனை வாங்கிக் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். அப்புறம் தூக்கையே வாங்கிக்கொண்டார்.

செங்கோட்டையில் "இறங்குங்க" என்றார். பஜார் வழியாக இந்தக் கோலத்தில் வீட்டுக்குப் போக மாட்டாராம். குற்றாலத்துக்கு வண்டி பிடிக்கச் சொன்னார்.

"சித்திரைல்லாப்பா, அருவியில தண்ணி..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"ஒருத்தன் தலைக்கு விழாமலா போயிரும்?"

போய்ப் பார்த்தால் பாறைதான் இருந்தது. பாறையில் ஒரு ஓரமாக, கை விரல் பருமனுக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதற்கும் முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். மாமாவைப் பார்த்ததும், பாவம் என்று வழி விட்டார்கள். வருஷக்கணக்காக நெஞ்சை நிமிர்த்தி நின்ற இடத்தில் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து ஒரு காது வழியாக மட்டும் இறங்கியது. அத்தை புளியோதரைத் தூக்கைக் கழுவி, அதில் தண்ணீர் பிடித்துப் பிடித்து அவர் முதுகில் ஊற்றினார். நான் பக்கத்துக் கடையில் வாங்கி வந்த சீயக்காய்ப் பொட்டலத்தை நீட்டினேன். மாமா அதைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

வெகுநேரம் தேய்த்தார். பிறகு பாறையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, அந்தக் கடல்ல எப்பவும் தண்ணி கெடக்குமா?"

"கெடக்கும் மாமா."

"சித்திரையிலயும்?"

"சித்திரையிலயும் மாமா."

இன்னும் இரண்டு தூக்குத் தண்ணீர் முதுகில் விழுந்தது.

"இந்த அருவியே வருசத்துல பாதி நாள் நம்மள விட்டுட்டு எங்கனயோ மாற்றல்ல போயிருது. நான் என்ன கோவிச்சுக்கிடவா செய்தேன்?" என்றார் மாமா. "அவனும் போயிட்டு வரட்டும். அருவி கொட்டுற சாரல் காலத்துக்கு மட்டும் ரெண்டு பேரும் வந்துரணும்."

என் வீட்டுக்காரர் அத்தை கையிலிருந்த தூக்கை வாங்கி அப்பா முதுகில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிரிப்பை மட்டும் கவனமாக அடக்கிக்கொண்டேன்.

வைகாசியில் கொல்லம் போய்க் குடியேறினோம். அடுத்த வருஷத்திலிருந்து சித்திரை பிறந்தால் மாமாவும் அத்தையும் வந்துவிடுவார்கள். கிணற்றடியில் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு "நனைந்து" முடித்து, சாயங்காலம் என் அப்பாவோடு கடற்கரைக்குப் போவார் மாமா. அத்தையும் நானும் கூடவே போவோம். அலை வந்தால் கால் நனையாத தூரத்தில் உட்காருவார்.

"எங்க ஊர்ல இப்போ அருவி கொட்டுது சம்பந்தி. பக்கத்துல நிக்க முடியாது, அப்படி ஒரு அடி" என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாள் அது. அப்பா நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தை முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஆமாப்பா, கொட்டோ கொட்டுன்னு கொட்டுது" என்றேன் நான்.