காக்ஸ் டவுனில் எனக்கு இரண்டு மாடுகள்

பருத்திப்பால் விற்கிறவளின் தொண்டைத் தண்ணீர், பானையில் இருப்பது பசும்பாலா, எருமைப்பாலா, பாக்கெட் பாலா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி வற்றிவிடும். தள்ளுவண்டியோ பெட்டிக்கடையோ, எதையாவது வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நாம் ஒரே ஜாதி. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். கரிசல் மண், கண்ணுக்கெட்டிய மட்டும் பருத்தி. ஒரு பிடி பருத்தியைக் கொடுத்துச் சேமியா ஐஸ் வாங்கித் தின்ற பிள்ளைகள் நாங்கள். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தும் பருத்தி என்னை விடவில்லை. கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்தேன். போன வருஷம் கம்பெனியை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆபீஸ் கேப் ஓட்டுகிறார். அவர் ஒருவர் சம்பளத்தில் ஜீவனஹள்ளி வாடகையும் மகளின் பள்ளிக்கூடமும் ஓடாது. "நீயும் பாப்பாவும் ஊருக்குப் போய் அம்மாகூட இருங்க. நான் பசங்களோட ரூம்ல தங்கிக்கறேன்" என்றார். அவர் இங்கே, நாங்கள் அங்கே என்று வாழ்வதற்கா இத்தனை வருஷம் காலர் தைத்தேன்? "கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் கொடுங்க" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது தையலும் பருத்திப்பாலும். மெஷின் வாங்க வழியில்லை, பானை வீட்டிலேயே இருந்தது.

முதல் போணி

பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, துணியில் போட்டுப் பிழிந்தால் வெள்ளை வெளேரென்று பால் இறங்கும். அதில் கொஞ்சம் அரிசிமாவு கரைத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டுக் காய்ச்சி, தேங்காய்த் துருவலைத் தூவினால் பருத்திப்பால். மதுரைப் பக்கம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். எங்கள் ஜீவனஹள்ளியை ஒட்டிய காக்ஸ் டவுனில் முதல் நாள் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. போர்டை நிமிர்ந்து பார்ப்பார்கள், பானைக்குள் எட்டிப் பார்ப்பார்கள், பிறகு பக்கத்து பேக்கரியில் போய் டீ குடிப்பார்கள்.

கடைசியில் பக்கத்து பி.ஜி.யில் தங்கியிருக்கிற இரண்டு பையன்கள், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, வந்து நின்றார்கள். ஒருத்தன் ஓசூர்க்காரன், தமிழ் தெரிந்தவன். நான் பருத்திச் செடியில் ஆரம்பித்துப் பானை வரைக்கும் விளக்கினேன். ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். நமக்கு ஒரு நல்ல பிள்ளை கிடைத்துவிட்டான் என்று டம்ளரைக் கழுவினேன். அவன் தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

"ஆன்ட்டி, இந்த டி-ஷர்ட்டும் ப்யூர் காட்டன்தான். இதையும் காய்ச்சித் தருவீங்களா?"

டெய்சி ஆன்ட்டியின் கெடு

என் வண்டி நின்ற இடம் டெய்சி ஆன்ட்டியுடையது. ரிட்டையர்டு கணக்கு டீச்சர். சர்ச்சுக்கு எதிரில் பழைய வீடு, வீட்டு முன்பக்கம் மூடிக்கிடக்கிற ஒரு கடை. அந்த ஷட்டருக்கு முன்னால் நின்றுகொள்ள அனுமதி கேட்டுப் போனேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நான் ஏதோ தப்புக் கணக்கு போட்டுக் கொண்டுவந்த மாதிரிப் பார்த்தார்.

இடம் கொடுத்தார். ஆனால் ஒரு டம்ளர் நீட்டியதற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் அப்பாவும் சாத்தூர்ப் பக்கத்து ஆள்தானாம். பருத்திக்கொட்டை எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையாம். போன் கவர் விற்கிற ஒருவன் அதே இடத்தைக் கேட்டு அலைகிறான் என்பதையும் சொன்னார். ஊரில் என் மாமியார் போனில் சொன்ன அதே வார்த்தையைத்தான் ஆன்ட்டியும் சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுகூட நினைத்தேன்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் நில்லு ராஜாத்தி. அதுக்குள்ள வியாபாரம் நிலைச்சு நின்னுச்சுன்னா நீயும் நில்லு. ஆனா மாட்டுத் தீவனத்த மட்டும் என்னைக் குடிக்கச் சொல்லாத."

மாடு வந்த கதை

கொட்டையை ஊரிலிருந்து என் தம்பி பஸ்ஸில் போட்டுவிடுவான். ஒரு வாரம் மூட்டை வரவில்லை. வேறு வழியில்லாமல் தீவனக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பசவராஜண்ணா ஹாவேரிப் பக்கத்து ஆள். கன்னடம் முக்கால், தமிழ் கால் என்று பேசுவார். பருத்திக்கொட்டை என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. இந்த ஊரில் மாடு வைத்திருக்கிறவர்களே அருகிப்போன காலத்தில் ஒரு புது ஆள் வந்தால் சந்தோஷம் வராதா?

"எஷ்டு ஹசு இதெம்மா?" என்றார். எத்தனை மாடு இருக்கிறது என்று கேட்கிறார். மாமியாரும் ஆன்ட்டியும் மாட்டுத் தீவனம் என்று சொன்னது காதில் இரைந்துகொண்டே இருந்ததா, மனிதருக்குக் காய்ச்சத்தான் வாங்குகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ரெண்டு" என்றேன். அதோடு விட்டாரா? பேர் என்ன என்றார். முதல் மாட்டுக்கு லட்சுமி என்று சட்டென்று வந்துவிட்டது. இரண்டாவதற்கு எதுவும் வரவில்லை. காலையில் யார் முகத்தில் விழித்தேனோ அந்தப் பேர் வாயில் வந்தது.

அண்ணா ஒவ்வொரு கொட்டையாகப் பார்த்து, சுத்தமான மூட்டையை எனக்கென்று எடுத்து வைத்தார். ஸ்கூட்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தும் கொடுத்தார்.

"லட்சுமி, டெய்சி! ரெண்டும் சென்னாகிதெ, நல்ல பேரு. டெய்சிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி போடும்மா, வெளிநாட்டு மாடு நிறையத் தின்னும்."

மதுரைக்காரர்

வியாபாரம் ஊர்ந்துகொண்டிருந்த நாளில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மதுரைக்காரர், பிரேசர் டவுனில் குடியிருக்கிறார், கம்பெனியில் டீம் லீடர். பருத்திப்பாலைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு டம்ளர் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "சுக்கு பத்தலக்கா" என்றார். மறுநாளும் வந்தார், கருப்பட்டி வாசம் போதாது என்றார். அதற்கு மறுநாள் பதம் கெட்டியில்லை. ஒவ்வொரு குறைக்கும் முன்னால், "எங்க மதுரையில" என்று ஒரு முன்னுரை. காலி டம்ளரை நீட்டிக்கொண்டே குறை சொல்கிற வாடிக்கையாளரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் பொறுமையைச் சோதிக்கவென்றே பெற்று விட்டிருப்பார்கள்.

ஒரு நாள் எனக்கு வந்ததே கோபம். "தம்பி, நாளையிலருந்து மதுரைக்கே போய்க் குடிச்சிட்டு வாங்க. என் வண்டிப்பக்கம் வராதீக" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. தினமும் நிச்சயமாக வருகிற ஒரே ஆளையும் விரட்டிவிட்டேனே!

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். பின்னால் ஒரு பட்டாளம். தெலுங்கு, மலையாளம், இந்தி என்று எல்லா பாஷையும் பானையைச் சுற்றி நின்றது. எல்லோருக்கும் அவரே விளக்கினார், என் தொண்டைத் தண்ணீர் மிச்சம். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பானையின் அடி தெரிந்தது.

"நான் ஒருத்தனே எத்தனை குறை சொல்றது அக்கா? அதான் டீமையே கூட்டியாந்துட்டேன்."

டெய்சி சினையானது

அதிலிருந்து ஒரு பானை இரண்டு பானை ஆனது. தம்பி அனுப்பும் மூட்டை போதாமல் தீவனக் கடையிலும் நிறைய வாங்கினேன். பசவராஜண்ணா கணக்குத் தெரிந்த மனிதர். இரண்டு மாடு இவ்வளவு தின்றால் வயிறு வெடித்துவிடும் என்று கவலைப்பட்டார். டாக்டரைக் கூட்டி வரட்டுமா என்றார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய்யைப் பெற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? "டெய்சி சினைண்ணா. நிறைமாசம்" என்றேன்.

அண்ணா கல்லாவை விட்டு எழுந்தேவிட்டார். சீம்பாலைக் கன்னடத்தில் கிண்ணு என்பார்கள். அதில் செய்கிற பலகாரம் என்றால் அவருக்கு உயிராம். நல்ல கிண்ணு சாப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். அவர் ஆசையோடு சொல்லச் சொல்ல நான் அவசரமாக மூட்டையை ஸ்கூட்டியில் ஏற்றினேன். வீடு எங்கே என்றார். காக்ஸ் டவுன், சர்ச்சுப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

"கன்னு போட்ட உடனே சொல்லும்மா. சொல்லலன்னாலும் பரவால்ல, நானே தூக்கோட வந்துடறேன்."

தூக்கோடு வந்தார்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. சர்ச்சில் கேரல் முடிந்து கூட்டம் வெளியே வந்தது. சிணுசிணுவென்று தூறல், நல்ல குளிர். மதுரைக்காரர் பரப்பிய புகழோ என்னவோ, வரிசை சர்ச்சு கேட் வரைக்கும் போனது. டெய்சி ஆன்ட்டி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கெடு முடிகிற வாரம். அன்றைக்கு மட்டும் இரண்டு பானையும் காலியாகிவிட்டால், மூட்டை கட்ட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் நிமிர்ந்து சொல்லலாம்.

அப்போதுதான் ஸ்கூட்டர் வந்து நின்றது. பசவராஜண்ணா, வெள்ளைச் சட்டை, கையில் துலக்கிய எவர்சில்வர் தூக்கு. கடைவீதியில் இருந்து சர்ச்சு வரை இரண்டு மாடு வைத்திருக்கிற அம்மா யார் என்று விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். மாட்டை யாருக்கும் தெரியவில்லை. பருத்திக்கொட்டை அம்மாவை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அம்மா! டெய்சி கன்னு போட்டாச்சா?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

மொத்த வரிசையும் திரும்பி வராந்தாவைப் பார்த்தது. ஆன்ட்டியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "எந்த டெய்சி?" என்றார்.

"இவங்க மாடு மேடம்! என் கடை ஹத்தி பீஜ, பருத்திக்கொட்டை தின்னு வளர்ந்த மாடு!" என்று அண்ணா பெருமையாகச் சொல்லிவிட்டுப் பானையைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். அவருக்கு விளங்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கு முன்னால் வரிசைக்கு விளங்கிவிட்டது. "அப்ப இது மாட்டுத் தீவனத்துல செஞ்சதா?" என்று ஒரு பெண் டம்ளரை வண்டியில் வைத்தாள். பின்னால் இரண்டு பேர் நழுவினார்கள்.

எனக்கு அழுகை வரும் முன்னே கோபம் வந்துவிடும், என் ஜாதகம் அப்படி. கரண்டியைத் தூக்கிக்கொண்டே பேசினேன். "ஆமாங்க, மாடு திங்கிற பருத்திக்கொட்டைதான்! மாடு சோளம் திங்குது, கம்பு திங்குது, கடலையும் திங்குது. அதுக்காக நீங்க மசாலாக் கடலை திங்காம இருக்கீங்களா? எங்க ஊர்ல மாட்டுக்கும் இதுதான், பிள்ளைக்கும் இதுதான், ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அண்ணா, எனக்கு மாடே கிடையாது. வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லிட்டேன். இந்தப் பானைதான் லட்சுமி. அந்தப் பானைதான் டெய்சி."

பசவராஜண்ணா தூக்கின் மூடியைக் கழற்றி நீட்டினார். டெய்சிப் பானையிலிருந்து ஊற்றினேன். ஊதி ஊதிக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஹாவேரியும் கருப்பு மண்ணுதான்மா. எல்லாத்தையும் மாட்டுக்கே போட்டு நாங்க ஏமாந்துட்டோம்" என்றவர், தூக்கை முன்னால் வைத்தார். "டெய்சி நல்லா கறக்கறா. ஃபுல்லா போடு."

வரிசை சிரித்தது. நழுவிய இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். டம்ளரை வைத்த பெண் அதை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஆன்ட்டி தன் வீட்டுப் பீங்கான் கப்போடு வந்து நின்றார். விளிம்பு வரை ஊற்றினேன். நின்ற இடத்திலேயே குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, கணக்கு டீச்சர் அல்லவா. கப்பை மறுபடி நீட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"பேரு வச்சது வச்ச. ரெண்டுல ஜாஸ்தி கறக்கறதுக்குத்தான என் பேரு?"

ஊரிலிருந்து போன்

இரண்டு பானையும் காலி. போன் கவர்காரனை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டதாக ஆன்ட்டி மறுநாள் சொன்னார். ஷட்டரைத் திறந்து உள்ளேயே அடுப்பு வைத்துக்கொள், மழையில் நிற்காதே என்று சாவியையும் கொடுத்தார். வீட்டுக்காரர் பரணில் இருந்து இறக்கி வைத்த சூட்கேஸை மறுபடி பரணில் ஏற்றினார். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? வரிசையில் யாரோ எடுத்த வீடியோவை மகள் அதற்குள் ஊர் பூராவும் அனுப்பிவிட்டாள்.

மாமியார் போன் செய்தார். தீவனம், மானம் என்று ஆரம்பிப்பார் என்று நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஊருக்கு வரவில்லை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"அதெப்படி வர முடியும் தாயி? ரெண்டு கறவையை விட்டுட்டு யாராச்சும் ஊருக்கு வருவாகளா?"

பருத்தி புடவையாகக் காய்த்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது இரண்டு மாடாகவே காய்த்துவிட்டது, அதுவும் சாணி போடாத மாடு.