வேண்டாம் என்று சொன்ன மாத்திரை

மருந்துக் கம்பெனி ஆட்களைக் கண்டாலே எனக்குக் கண் சுருங்கும். கோவில்பட்டியில் கிளினிக் வைத்த நாளிலிருந்து அப்படித்தான். மதியம் கூட்டம் குறைந்ததும் டை கட்டிய ஒரு தம்பி வந்து உட்காருவார். "லேட்டஸ்ட் ஸ்டடி மேடம்" என்று வழவழப்பான தாளை நீட்டுவார். அதில் ஒரு வரைபடம் இருக்கும். கோடு பூஜ்யத்தில் தொடங்காமல் பாதியில் தொடங்கும். வரப்பு மலையாகத் தெரியும். யார் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்று நான் கடைசிப் பக்கத்தில் தேடுவதற்குள், தம்பி பேனா ஒன்றை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்.

எங்கள் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழு இன்னும் மோசம். ஒருவர் புதிய கண்டுபிடிப்பு என்று எதையாவது போடுவார். பத்துப் பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். அதற்காகப் படிக்காமலும் இருக்க முடியாது. கல்லூரியில் படித்ததை வைத்தே காலம் தள்ளினால் கேடு நோயாளிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூலக் கட்டுரையையே தேடி எடுத்து, முடிவுரையை விட்டுவிட்டு மற்றதைப் படிப்பேன். முடிவை முதலில் படித்தால் மனசு அதற்கே தலையாட்டும்.

அந்தச் சின்ன மாத்திரை விஷயமும் அப்படி வந்ததுதான். ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்கத் தருவது. வயதானவர்களுக்கு மாரடைப்பை வருமுன் தடுக்கும் என்று ஒரு காலத்தில் தாராளமாக எழுதினோம். இதயநோய் இல்லாத முதியவர்களுக்கு அதனால் நன்மையைவிட ரத்தக்கசிவு ஆபத்தே அதிகம் என்று பிறகு வந்த ஆராய்ச்சிகள் கூறின. நான் உடனே நம்பவில்லை. வெளிநாட்டுக் கிழவர்களிடம் பார்த்தது கரிசல் வெயிலில் ஆடு மேய்ப்பவருக்குப் பொருந்துமா? வேறு வேறு நாட்டில், வேறு வேறு பணத்தில் நடந்தவை ஒரே பேச்சைப் பேசிய பிறகுதான் அரைமனசாக ஒத்துக்கொண்டேன்.

முதலில் நினைவுக்கு வந்தவர் நாகலாபுரம் பக்கத்து ஆட்டுக்காரர். ரத்த அழுத்தத்துக்காக என்னிடம் வருபவர். எழுபது தாண்டியும் காட்டில் கிடை போட்டு ஆட்டோடு படுத்து எழுபவர். எப்போதும் மனைவியோடுதான் வருவார். வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், இங்கே வந்து பேசுவதும் அந்த அம்மாள்தான்.

"அண்ணாச்சி, இந்தச் சின்ன மாத்திரை மட்டும் இனி வேண்டாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அம்மாள் விடவில்லை.

"இம்புட்டு வருசமா போடச் சொன்னிய. இப்ப வேண்டாங்கிய. அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்லுதது பொய்யா?"

"ரெண்டும் பொய் இல்லக்கா. அப்பத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"இப்பத் தெரிஞ்சது மட்டும் எத்தன நாளைக்காம்?"

எனக்குக் கோபம் வந்தது. சீட்டில் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

சில வாரங்களில் அவருக்கு நெஞ்சுவலி கண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பேதான். அந்தக் கட்டுரைகளை மறுபடி எடுத்து வரிவரியாகக் குடைந்தேன். எங்கே ஏமாந்தேன்? மாத்திரையை நிப்பாட்டின டாக்டர் என்று அவர் ஊரில் பேச்சும் கிளம்பிவிட்டது.

பிழைத்து வந்தார். மனைவி அவரை முன்னால் விட்டுக் கூட்டிவந்து, ஆஸ்பத்திரிச் சீட்டை என் மேசையில் போட்டார். அதில் அதே சின்ன மாத்திரை. மாரடைப்பு வந்தவருக்கு அது கட்டாயம் வேண்டும். விட்டால் அடுத்த அடி உயிரைக் கொண்டுபோகலாம். இதில் எனக்கே சந்தேகம் கிடையாது.

"இத இனி விடாமப் போடணும்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"போடுங்கிய, வேண்டாங்கிய, மறுபடி போடுங்கிய. நீங்க நிப்பாட்டுனதுலதான இவியளுக்கு வந்துச்சு? இனி ஒங்க பேச்ச நம்பி எப்படிக் குடுக்க?"

"இருக்கலாம்க்கா. இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

அப்போதுதான் ஆட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"டாக்டரம்மாவ ஏசாத. நான் அத என்னைக்குப் போட்டேன்?"

"என்னது?"

"மொத ரெண்டு நாளு போட்டேன். வயித்தக் காந்துச்சு. பொறவு நீ குடுத்ததும் நாக்குக்கு அடியில ஒதுக்கிக்கிட்டு, வெளிய போயி துப்பிருவேன்."

அம்மாள் அவரையே பார்த்தார். நானும்தான். எங்கோ இருக்கும் ஆராய்ச்சிக்காரர்களை எல்லாம் துருவித் துருவிச் சந்தேகப்பட்டவள், எதிரே உட்கார்ந்து தலையாட்டியவரை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. பழி என் மேல் இல்லை என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. மறுகணமே பயம் பிடித்தது. இந்த ஆள் இனியும் துப்புவாரே.

வயிறு காந்தாமலிருக்க இன்னொரு மாத்திரை எழுதினேன். சாப்பிட்டாரா என்று கேட்டுக்கொண்டு, சின்ன மாத்திரையையும் தண்ணீரையும் என் கையாலேயே கொடுத்தேன். மடக்கென்று குடித்தார்.

"வாயத் திறங்க அண்ணாச்சி. நாக்கத் தூக்குங்க."

நான் டார்ச்சை எடுப்பதற்குள் அந்த அம்மாள் செல்போன் வெளிச்சத்தை அடித்து, என் தோளை இடித்துக்கொண்டு குனிந்தார்.

"கடவாப் பல்லு பக்கமும் நல்லாப் பாருங்க டாக்டரம்மா. இந்த மனுசன நம்ப முடியாது."