மெத்தைக்காரரின் சுத்த ரத்தம்

ஊரையே கால் நீட்டிப் படுக்க வைத்த மெத்தைக்காரர், தான் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். எவன் எவனோ புரண்டு, வியர்த்து, ஒழுகவிட்ட பழைய மெத்தைகளைக் கிழித்து, பஞ்சடித்து, அந்தத் தூசியை ஆயுசெல்லாம் மூக்கால் தின்ற பலன். பக்கத்தில் கோழை டப்பா. அதில் மிதப்பதைப் பார்த்தால் அவருக்கே குமட்டும்.

நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதிக்க ஆள் எடுத்தார்கள்.

"தூசி போய்ப் போய் உள்ள துருப்பிடிச்ச மாதிரி ஆகுதுய்யா. அது ரத்தத்துல தெரியும்" என்றாள் நர்ஸ். "அது அதிகமா இருக்கறவங்களுக்குத்தான் மருந்து. அடுத்த வாரம் ரத்தம் குடுங்க."

ஒரு ராத்திரியாவது மல்லாந்து படுத்துவிட வேண்டும். மெத்தைக்காரருக்கு வேறு ஆசையில்லை.

விஷயம் மச்சினன் காதுக்கு எட்டியது. வீடு வீடாகப் பச்சைப் பொடி விற்பவன். சிரித்தால் பல்லிடுக்கெல்லாம் சரக்கு.

"அழுக்கு ரத்தத்தையா மாமா டாக்டர்கிட்ட நீட்டுவீங்க? நாலு பேர் வர்ற வீட்டைப் பெருக்கி வைக்க மாட்டோமா? வேளா வேளைக்கு இதைக் குடிங்க."

"பாசி மாதிரி நாறுதே மாப்ளே."

"நாறுறதுதான் மாமா வேலை செய்யும்."

"அப்படின்னா நீ என்னிக்கோ வேலைக்குப் போயிருக்கணுமேடா" என்றாள் அவன் அக்கா.

ஆனாலும் டாக்டரிடம் போகச் சட்டையைத் துவைக்கிறவர் ரத்தத்தை விடுவாரா? மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாரம் குடித்தார்.

"வேற மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டே நர்ஸ் ஊசி குத்தினாள்.

"இல்லம்மா."

பொய்யில்லை. மருந்து என்று போட்டால் வழக்கு வருமென்று டப்பாவில் 'உணவு' என்றுதான் போட்டிருந்தான் மச்சினன்.

முடிவு வந்தது. "ரத்தம் நல்லா இருக்கு. உங்களுக்கு மருந்து கிடையாது."

"நல்லா இருந்தா... ஏம்மா... மூச்சு வரல?"

அதைக் கேட்க யாருக்கும் உத்தரவில்லை; ரத்தத்தை மட்டுமே கேட்கச் சொல்லியிருந்தது. தயங்கித் தயங்கிப் பொடிக் கதையைச் சொன்னார். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொடி ரத்தத்துல துருவை மறைச்சிருச்சேய்யா, முன்னாடியே சொல்லக் கூடாதா? ஆள் எடுத்து முடிச்சாச்சுய்யா."

வீட்டில் மச்சினன் செல்போனும் பொடி டப்பாவுமாகக் காத்திருந்தான். "ரத்தம் சுத்தமாமே மாமா. மெத்தையில ஜம்முனு படுங்க, பக்கத்துல நான். ஒரே ஒரு படம். யாவாரம் பிச்சுக்கும்."

மெத்தைக்காரர் படுத்தார். கால் நீட்டினார். மச்சினன் பச்சைப் பல்லோடு முகத்தருகே குனிந்தான். அடிவயிற்றிலிருந்து இருமல் கிளம்பியது.

கோழை டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தேடவில்லை.