ரிலீவர் வரும் வரை

எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வாக்கியம், “ரிலீவர் வரல.” என் கணவர் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் ஆபரேட்டர். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பொறுப்பேற்கும் வரை அவர் இறங்கக் கூடாது. இதனால் நான் தனியாகப் போய் மொய் எழுதிவிட்டு வந்த கல்யாணங்கள் எத்தனையோ. தாலி கட்டியது எனக்கா மெஷினுக்கா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன். சிரிப்பார். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை நாள் தள்ளியபோது, சந்தோஷப்படவே பயந்துகொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். பீட்டா ஹெச்சிஜி என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். ரத்தம் கொடுக்கக் காத்திருந்த பெண்கள் பரீட்சை மார்க் விசாரிப்பது போல, உங்களுக்கு பீட்டா எவ்வளவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது என்ன என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

என் எண் குறைவாக இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கலாம், நன்றாக ஏறினால் நல்லது என்றார் டாக்டரம்மா. ஏறாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. பட்டவளுக்குத் தெரியாதா? அந்த ஹெச்சிஜி என்றால்தான் என்ன என்று கொஞ்சம் சிடுசிடுப்பாகவே கேட்டேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். கருவைச் சுற்றியுள்ள உறைக்குக் கோரியான் என்று பெயர். அங்கே சுரந்து, சூலகத்தைத் தூண்டப் போவது என்பதுதான் ஹெச்சிஜியின் முழுப் பெயருக்குப் பொருளாம். சூலகத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் ஒரு சின்ன மஞ்சள் திரட்சி உண்டாகும். கருப்பையின் உள்விரிப்பைக் கலையாமல் காப்பது அது தரும் சுரப்புதான். மாதாமாதம் கொஞ்ச நாள் உழைத்துவிட்டு அது ஓய்ந்துவிடும், மாதவிலக்கு வந்துவிடும். கரு ஒட்டிக்கொண்டால், கசகசா அளவே இருக்கும் அந்தக் கரு ஹெச்சிஜியை அனுப்பி, மஞ்சள் திரட்சியிடம் நிறுத்தாதே என்று சொல்லும். நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையை ஏற்கும் வரை சொல்லிக்கொண்டே இருக்கும்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கண் இல்லை, வாய் இல்லை, இதயம்கூட இன்னும் துடிக்கவில்லை. என் உடம்பிடம் பேசுகிறது, என் உடம்பும் கேட்கிறது!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் மெதுவாகக் கேட்டார்: “ரிலீவர் வராம நாங்க மெஷின வுட்டு எறங்க முடியாதுங்க. அந்த மாதிரிங்களா?”

“அதேதான்,” என்றார் டாக்டரம்மா. “இங்க ஆபரேட்டர இறங்கவிடாம பிடிச்சு வெச்சிருக்கறது உங்க பிள்ளை.”

இரண்டாவது பரிசோதனையின் முடிவு சாயங்காலம் போனில் வரும். ஷிப்ட் முடிந்து வந்துவிடுகிறேன், சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லிப் போயிருந்தார். குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. அவர்தான். ரிலீவர் வரவில்லையாம். திட்டு வாங்கத் தயாராகவே பேசினார்.

நான் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டேன்.

“இருங்க. ஆளு வர்ற வரைக்கும் எறங்காதீங்க.”

“யாருக்குச் சொல்ற?” என்றார்.

“எல்லாருக்குந்தான்.”

எண் ஏறியிருந்தது, இரட்டிப்புக்கும் மேலாக. தனியாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சில வாரங்கள் கழித்து, இனி நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, இவர் என் காதில், “ரிலீவர் வந்தாச்சி” என்றார்.

மகள் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பினால் வண்டிச் சாவியை ஒளித்துவிட்டு வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். அவர் கெஞ்சுவார், என்னைப் பார்ப்பார். நான் உதவிக்குப் போவதில்லை. ஆளைப் போகவிடாமல் நிறுத்துவது அவளுக்குப் பிறப்பதற்கு முன்பே பழகிய வேலை.