புருஷன் பேரைக் கேட்டபோது

நான் ஸ்பின்னிங் மில்லில் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்த முதல் வாரம். காலையில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ச்மேன் போன் செய்தார். மில் குவார்ட்டர்ஸில் இருந்த நிறைமாதப் பெண்ணுக்கு வலி எடுத்து, அவர்தான் ஆட்டோவில் ஏற்றிப் போயிருந்தார்.

"ஒடிசாக்காரப் பிள்ளை மேடம். பேரு மினதியாம். இப்பத்தான் ஊர்லருந்து வந்துச்சு. யாரு சம்சாரம்னு தெரியல."

அந்த வேலை எனக்குக் கிடைத்ததே ஒடியா தெரியும் என்பதால்தான். பல்கலைக்கழகத்தில் உலக மொழிகளும் பண்பாடும் படித்தேன். விருப்ப மொழி ஒடியா. தோல் வியாபாரம் பார்த்த எங்கள் அத்தாவுக்கு, மகள் எதற்கு இதைப் படிக்கிறாள் என்று கடைசிவரை விளங்கவில்லை. "ஒடியாவை வச்சு எந்த ஊர்லம்மா வேலை பாப்ப?" என்பார். இந்த வேடசந்தூர் மில்லில்தான் பார்த்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் பொறுமை இழந்திருந்தார்.

"பிள்ளைக்குத் துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாரு டாக்டர். இவ தியேட்டருக்கு வரமாட்டேங்கிறா. புருஷன் பேரைக் கேட்டா வாயத் தெறக்கல. ஓடி வந்த பிள்ளையோ என்னமோ, போலீசுக்குச் சொல்லிருவமா?"

"செத்த நேரம் பொறுங்க சிஸ்டர்."

மினதியிடம் ஒடியாவில் பேசினேன். "அவர் வரட்டும். அவர் சொல்லாமல் போகமாட்டேன்" என்று அழுதாள். அவர் பெயர் என்ன என்றேன். சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் எங்கள் வகுப்பில் நடத்திய ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜூலு மருமகள்கள் மாமனார் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் வரும் ஓசையைக்கூட உச்சரிக்க மாட்டார்கள். அதற்காக வேறு சொற்களையே வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்காக உருப்போட்டது.

"நீ சொல்ல வேண்டாம்மா. அந்தப் பேர் உள்ளது எங்கே இருக்கும்? தண்ணீரிலா, வானத்திலா?"

திரும்பிப் பார்த்தாள். "வானத்தில்."

"பகலிலா?"

இல்லை என்று தலையசைத்துவிட்டு, வலியோடு இரண்டு கைகளையும் தூக்கி முழு வட்டமாகக் காட்டினாள்.

"பூர்ணசந்திராவா?"

கண்ணை மூடித் தலையாட்டினாள்.

"அட, இதுக்குத்தானா!" என்றார் நர்ஸ். "எங்க சின்னம்மாவும் சித்தப்பா பேரைச் சொல்லாது, சொன்னா அவருக்கு ஆயுசு கொறஞ்சிருமாம். ரேஷன் கடைக்கு என்னையக் கூட்டிட்டுப் போயிச் சொல்லச் சொல்லும். இவளப் போயி இம்புட்டு நேரம் வஞ்சுக்கிட்டு நின்னேனே" என்று மினதியின் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மில்லுக்குள் தொழிலாளர்கள் போன் கொண்டுபோகக் கூடாது. சூப்பர்வைசர் போனில் அவனைக் கூப்பிட்டுப் பேச வைத்து, என் போனை அவள் காதில் வைத்தேன். "உள்ளே போ, வந்துகொண்டே இருக்கிறேன்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸுக்கு வரும் எந்தப் பெண்ணிடமும் நான் புருஷன் பேரைக் கேட்டதில்லை. புருஷனையே வரச்சொல்லிக் கேட்டுக்கொள்வேன். ஒரு மொழியில் பேசக் கற்றுக்கொண்டால் போதாது, அந்த மொழிக்காரர்கள் எதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரிய வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பூர்ணசந்திரா அன்று மில்லிலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று சொன்னேன். கும்பிட்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"என் பேரை அவளா சொன்னாள்?"

"இல்லப்பா, நான்தான் சொன்னேன்."

அப்புறம்தான் அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.