எழுபது கிலோ செடிக்கு எத்தனை மூடி?

உரக்கடைக்கு வருகிறவர்கள் செடிக்கு என்ன நோய் என்று ஒளிக்காமல் சொல்வார்கள்; தங்களுக்கு என்ன நோய் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். என்னைப் போலக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அவதிப்படும் உங்களுக்கு இது தெரிந்ததுதான். போடியில் ஏலச்செடிக்கு உரம் விற்கும் எனக்குக் கொஞ்ச நாளாகப் புதுக் குழப்பம். கடல்பாசியில் இருக்கும் ஏதோ ஒரு சத்து கிட்னியில் கல் சேராமல் தடுக்குமாம் என்று யாரோ செல்போனில் அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. கடல்பாசிச் சாறு என் கடையில்தான் கேன் கேனாக அடுக்கியிருக்கிறது. செடி தழைக்கத் தெளிப்பது அது.

ஒரு லிட்டர்

முதலில் வந்தவன் ஜீப்பு ஓட்டும் பாண்டி. தினமும் சிலமலை ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டுபோய்க் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலைக்கு இறக்கிவிடுகிறவன். இரண்டு தடவை கல்லடைப்பு வந்து, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதவன். கல் வந்தவர்களுக்குத்தான் அந்த வலி புரியும். மூன்றாவது தடவை மலை வளைவில் வந்துவிட்டால் வண்டியில் இருப்பவர்கள் கதி என்ன என்ற பயம் அவனைத் தூங்க விடவில்லை.

பாசிச் சாறு ஒரு லிட்டர் கேட்டான். பாட்டிலை எடுத்த பிறகுதான், இவனுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாதே என்று எனக்கு உறைத்தது. யாருக்குடா என்றேன்.

"செடிக்குத்தாண்ணே. எழுவது கிலோ செடிக்கு எத்தன மூடி ஊத்தணும்?"

காய்க்குள்ளே மருந்து

அவனைத் திட்டி அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், மாமா முறையுள்ள ஒருவர் வந்தார். மலையில் சொந்தமாக ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், பாசிச் சாறு தெளிப்பவர். செல்போன் செய்தியை இரண்டு தடவை எனக்கு வாசித்துக் காட்டினார். செடி குடித்ததெல்லாம் காய்க்குத்தானே போகும் என்றார். இல்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை, ஆமாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது.

"அப்ப நம்ம காயத் தின்னா கல்லு வராதுன்னு ஏலம் விடுற எடத்துல சொல்லிருவமா மாப்ளே?"

டாக்டர் தெளிய வைத்தது

பொறுக்க முடியாமல், பாண்டிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடமே போய் நின்றேன். செய்தி பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் நிம்மதியாகத் திரும்பலாம் என்று நினைத்திருந்தேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"நிஜந்தாங்க, ஆனா இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, மருந்தா வரல. உங்க கேன்ல இருக்கறது செடிக்கு. அந்தத் தம்பிய முதல்ல தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லுங்க."

குரங்கணியில்

நிஜம், ஆனால் மருந்து இல்லை என்றால் அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, பாண்டி ஆள் இறக்கும் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி கடைக்கு வந்தார். என் கடையிலிருந்து அன்று காலை பாண்டி ஜீப்பில் ஏற்றி வந்த பாசிச் சாறு கேன் ஒன்று மூடி திறந்து, அளவு குறைந்து வந்ததாகச் சொன்னார். குறைந்ததை அவன் குடித்துவிட்டானோ என்று உடனே பாண்டிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் குரங்கணிக்குப் பறந்தேன்.

வேலை முடிந்த பெண்களோடு மலையிலிருந்து ஜீப்பு அப்போதுதான் இறங்கி டீக்கடை முன்னால் நின்றது. பாண்டி சட்டையெல்லாம் பாசி நாற்றம். "குடிச்சுத் தொலைச்சியாடா?" என்று கத்தினேன். கேனை இறக்கும்போது மூடி கழன்று மேலே கொட்டிவிட்டது, வாயில் ஒரு சொட்டுப் படவில்லை என்று சத்தியம் செய்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் சொன்னதைச் சொல்லி, என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கியவன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூட டீக்கு இறங்கவில்லை. குடிக்காமலே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான்.

"நான் குடிச்சா ரோட்டோரமா ஒதுங்கிக்கிருவேண்ணே. தோட்டத்துல ஒதுங்க எடமில்லன்னு இதுக காலையிலருந்து சொட்டுத் தண்ணி குடிக்கல. இதுக பாத்துக்கிட்டிருக்கையில நான் மட்டும் எப்பிடிண்ணே குடிக்க?"

கல்லுக்குக் கடலுக்கடியில் போய் மருந்து தேடுகிற காலத்தில், மலைமேலே நாலு தகரம் நிறுத்தி ஒரு மறைப்புக் கட்ட ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான், இந்த உரக்கடைக்காரனுக்கு எத்தனை யோசித்தாலும் தீராத குழப்பம்.